பசெஞ்சி மாடி வீட்டுக்கு ஒத்துவருமா? (சேலம், ஏற்காடு அடிவாரம்)

மாடிவீடு:
அழகாபுரத்துல ரெண்டாவது மாடி, வாடகை வீடு. ரெண்டு பேரும் காலையில ஒன்பது மணிக்குப் போனா சாயங்காலம் ஆறுக்குத்தான் வருவோம். குரைக்கிற நாய் ஆகாதுன்னு ஓனர் கறாரா சொல்லிட்டார். பசெஞ்சிங்கற நாய் இனம் குரைக்காதுங்கறாங்க. சனி, ஞாயிறு கொண்டப்பநாயக்கன்பட்டி பக்கம் தோட்டத்துல இருப்போம். அங்க நாட்டுக்கோழி இருக்கு, சுத்தி கம்பி வலை வேலி. வாங்கலாமாங்க?

கூர்ங்காது:
தாராளமா வாங்கலாம். ஆண் 43 செ.மீ. உயரம், 11 கிலோ. பெண் 40 செ.மீ., ஒன்பதரை கிலோ. காங்கோ பக்கத்து வேட்டை நாய், குட்டை முடி; நம்ம சித்திரை வெயிலுக்குப் பனிநாட்டு ஹஸ்கி நாய் படுற பாடு படாது. தன்னைத்தானே நக்கிச் சுத்தம் பண்ணிக்கும், வாடை ரொம்பக் கம்மி. வாரத்துக்கு ஒருதரம் ரப்பர் பிரஷ் போட்டா போதும்.

வேலியோரம்:
அண்ணன் நாயோட உடம்பைப் பத்திச் சொல்றார், கேள்வியில இருக்கிற ஒன்பது மணி நேரத்தைத் தொடவே இல்லை. மத்த நாய் மாதிரி விடாம குரைக்காது, ஒத்துக்கறேன். ஆனா ஊளைக்கும் பாட்டுக்கும் நடுவுல ஒரு ராகம் இழுக்கும், தனியா அடைச்சு வெச்சா வீறிட்டு அலறும். கீழ்வீட்டுக்காரருக்குக் குரைப்பே தேவலைன்னு ஆயிடும். அதோட சோபா, கதவு நிலை, சார்ஜர் வயர் எதுவும் மிஞ்சாது. மூணு மாசக் குட்டியால நாலு மணி நேரத்துக்கு மேல மூத்திரத்தை அடக்க முடியாது. ஒன்பது மணி நேரம் எந்தக் கணக்கு?

கோழி விஷயம் தனி. இது கண்ணாலயும் மோப்பத்தாலயும் துரத்துற இனம். அசையறதைப் பார்த்துட்டா உங்க குரல் காதுல ஏறாது.

கூர்ங்காது:
ஒன்பது மணி நேரம்கறது எந்த நாய்க்கும் அதிகம்தான், பசெஞ்சி மேல மட்டும் ஏன் பழி? காலையில ஆறரைக்குள்ள 45 நிமிஷம் வேகநடை, சாயங்காலம் அதே அளவு. தார்ரோட்டுல புறங்கையை ஏழு வினாடி வைக்க முடியலைன்னா நாயை இறக்காதீங்க. கிளம்பும்போது ரப்பர் பொம்மைக்குள்ள தயிர்சாதம் அடைச்சு ஃப்ரீசர்ல வெச்சதைக் குடுங்க, அரை மணி நேரம் அதுலயே போயிடும். கூண்டுப் பழக்கம் முதல் வாரத்துலயே: அஞ்சு நிமிஷம், பத்து, இருபதுன்னு ஏத்தணும். அலறும்போது திறந்தா, அலறினா கதவு திறக்கும்னு அதுக்குப் புரிஞ்சிடும். மதியம் ஒரு ஆள் வந்து இருபது நிமிஷம் வெளியே கூட்டிட்டுப் போகணும். அந்த ஆள் இல்லைன்னா மட்டும் நானும் வேண்டாம்பேன்.

வேலியோரம்:
அந்த ஆள்தான் முழு விஷயமே. அதை மூணாவது வரியில சொல்லாம கடைசியில சொல்றீங்க.

தோட்டத்துக் கம்பி வலையை எண்ணிக்கையிலயே சேர்க்காதீங்க. கண்ணியில கால் வெச்சு ஏறி அந்தப் பக்கம் குதிக்கும். ஆறடிச் சுவர், உள்பக்கம் வழுவழுன்னு பூசினது, உச்சியில ஒன்றரை அடி வலை உள்பக்கமா 45 பாகையில சாய்ஞ்சிருக்கணும். அடியில தோண்டும், ஒன்றரை அடி வலையை உள்பக்கமா தரையோட மடக்கிப் புதைங்க. சுவரோரம் தண்ணித் தொட்டி, விறகு அடுக்கு இருந்தா அதுவே ஏணி. வெளியே போச்சுன்னா அங்கிருந்து காடு கிட்டத்தான். காட்டெருமையைச் சீண்டினா நாய் திரும்பாது, மயிலைக் கடிச்சா வனத்துறை உங்களைத்தான் தேடி வரும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல மயில் முதல் அட்டவணை, அதாவது உச்சபட்சப் பாதுகாப்பு.

இத்தனைக்கும் பதிலா ஒரு சிப்பிப்பாறை எடுத்தா என்ன?

கூர்ங்காது:
சிப்பிப்பாறையை ரெண்டாவது மாடியிலயா? அதுவும் துரத்துற நாய்தான், உயரமும் ஓட்டமும் இன்னும் கூட. கோழிக்கு அதுவும் எமன். நாட்டு நாய்னு பாசம் இருக்கலாம், பொருத்தம் வேற.

ஊசிமருந்து:
ரெண்டு பேரும் சிறுநீரகத்தை மறந்துட்டீங்க. இந்த இனத்துல ஃபான்கோனி நோய் பரம்பரையா வருது. சிறுநீரகக் குழாய் சர்க்கரை, அமினோ அமிலம், பைகார்பனேட் (ரத்தத்துல அமிலம் ஏறாம பார்த்துக்கற உப்பு) எல்லாத்தையும் திரும்ப உறிஞ்சாம மூத்திரத்துல விட்டுடும். பெரும்பாலும் நாலு முதல் ஏழு வயசுக்குள்ள தலைகாட்டும். அறிகுறி: நிறையத் தண்ணி குடிக்கும், நிறையப் போகும், எடை குறையும். சேலத்துல ஏப்ரல், மே மாசம் இதைப் பார்த்தா எல்லாரும் வெயில் தாகம்னு விட்டுடுவாங்க.

மூணு வயசுலேர்ந்து மாசம் ஒருதரம், காலை முதல் மூத்திரத்துல சர்க்கரை பார்க்கிற ஸ்ட்ரிப்பைக் காட்டுங்க. மனுஷங்களுக்கு மெடிக்கல்ல விக்கறதே போதும். நிறம் மாறினா உடனே ரத்தச் சர்க்கரை பார்க்கணும். மூத்திரத்துல சர்க்கரை இருந்தும், ரத்தத்துல அளவு சரியா இருந்தா அது நீரிழிவு இல்லை. இதைக் குழப்பி இன்சுலின் போட்டா நாய் செத்துடும். அப்புறம் ரத்த அமிலத்தன்மை பார்த்து மருத்துவர் பைகார்பனேட் அளவு சொல்வார், அது ஆயுள் முழுக்க.

2011லேர்ந்து நேரடி மரபணுச் சோதனை இருக்கு. தாய், தகப்பன் ரெண்டும் நோய் இல்லாம மரபணுவை மட்டும் சுமக்கிறதா இருந்தா ஒவ்வொரு குட்டிக்கும் நாலுல ஒரு பங்கு ஆபத்து. ஒன்னு முழுக்கச் சுத்தமா இருந்தா குட்டிக்கு நோய் வராது. ரெண்டு பேரோட சோதனைத் தாளும் காட்டாத ஆள்கிட்ட வாங்காதீங்க.

கூர்ங்காது:
நியாயம். விக்கிறவரை மடக்க இன்னொரு வழி: பசெஞ்சி பொதுவா வருஷத்துக்கு ஒருதரம்தான் ஹீட்டுக்கு (இணைசேர்ற பருவத்துக்கு) வரும். ஒரே தாய்க்கு ஆறு மாசத்துல ரெண்டாவது ஈத்துன்னு சொன்னா அது பசெஞ்சியே இல்லைன்னு சந்தேகப்படுங்க. வாலைச் சுருட்டி, காதை நிமிர்த்தி வெச்ச கலப்புக் குட்டியை இந்தப் பேர்ல விக்க எவ்வளவு நேரமாகும்!

மாடிவீடு:
மதியம் அம்மா வந்து பார்த்துக்குவாங்க. தோட்டத்துல இப்போதைக்குச் சுவர் கட்ட வழியில்லை. நீளக் கயிறுல விடலாமாங்க?

கூர்ங்காது:
பத்து மீட்டர் கயிறு போதும், நல்லா ஓடும்.

வேலியோரம்:
வேண்டாம் தம்பி. பத்து மீட்டர் வேகமெடுத்து முனையில இழுபட்டா கழுத்து தாங்காது, செடியிலயும் சுத்திக்கும். அஞ்சு மீட்டர், அதுவும் கழுத்துப் பட்டையில இல்லாம நெஞ்சுப் பட்டையில மாட்டி, முனை எப்பவும் உங்க கையில. அம்மா கையில குடுக்காதீங்க, கோழியைப் பார்த்தா இழுத்துக் கீழே தள்ளிடும். கோழி அடையறவரைக்கும் நாயை வெளியே விடாதீங்க.