கிழக்குக்கு நம் காசில் ஒரு புலனாய்வுச் செய்திக் குழு: சரிவருமா?

படுவான்கரையான்:
மட்டக்களப்பு, அம்பாறை இரண்டுக்கும் சேர்த்து, கட்சியும் விளம்பரமும் லாபமும் இல்லாத ஒரு சின்னப் புலனாய்வுக் குழு. இரண்டு மூன்று பேர் முழுநேரம். வாசகர்கள் மாதம் ஐந்நூறு, ஆயிரம் கொடுக்க வேண்டும். பிலிப்பைன்ஸில் 1989 இல் ஒரு சில ஊடகவியலாளர்கள் இப்படி ஒரு மையம் தொடங்கினார்கள். 2000 இல் ஜனாதிபதி எஸ்ட்ராடா மறைத்து வைத்த வீடுகளையும் கம்பனிகளையும் பதிவேடு பதிவேடாகத் தேடி எழுதினார்கள். அடுத்த ஜனவரியில் அவர் பதவியில் இல்லை. நமக்கு ஜனாதிபதி வேண்டாம், மணல் போதும். யார் சேருவீர்கள்?

செங்கலடிப் பொடியன்:
அண்ணே, பேப்பரையே தேத்தண்ணிக் கடையில் ஓசியில்தான் வாசிக்கிறார்கள். இதில் மாதம் ஆயிரமா? ஊருக்கு ஒரு நிருபர் ஏற்கெனவே இருக்கிறாரே.

படுவான்கரையான்:
அவருக்குப் பிரசுரமான செய்திக்குத்தான் காசு தம்பி. ஒரு விடயத்தின் பின்னால் மூன்று மாதம் திரிந்தால் வீட்டில் உலை வைக்க ஏலாது. அதனால் அடிக்கல் நாட்டு விழாவுக்குப் போகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது.

மணலையே எடுத்துக்கொள். ஏற்றிப் போக அனுமதிப்பத்திரம் வேண்டும். எத்தனை கியூப், எந்த வாகனம் என்று அதில் இருக்கும். அதே பத்திரத்தைக் காட்டி டிப்பர் எத்தனை தடவை ஓடியது என்று இராது. அதற்கு விடிய முன்னமே ஒருவர் பாலத்தடியில் நின்று வாகன இலக்கத்தையும் நேரத்தையும் கொப்பியில் எழுத வேண்டும். அப்புறம் 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்திரங்களின் பிரதி கேட்க வேண்டும். தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும். இல்லை என்றால் மேன்முறையீடு, பிறகு கொழும்பில் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. கடைசியில் பதில் சிங்களத்தில் வந்தால் மொழிபெயர்க்க ஒரு ஆள். இத்தனையையும் ஓசியில் யார் செய்வது?

பழைய வாத்தியார்:
ஊரை மறந்து பேசுகிறீர்கள். ஊடகவியலாளர் ஐயாத்துரை நடேசனை 2004 மே 31 காலை, வேலைக்குப் போகும் வழியில் மட்டக்களப்பில் வைத்துச் சுட்டார்கள். அடுத்த ஏப்ரலில் நம் ஊர் ஊடகவியலாளர் சிவராமைக் கொழும்பில் கடத்திக் கொன்றார்கள். ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. இங்கே மணல் ஏற்றுகிறவனும் எழுதுகிறவனும் ஒரே கோயில் திருவிழாவில் நிற்பார்கள். ஆயிரம் ரூபாய் கொடுத்த வாசகர் அன்றைக்கு எங்கே நிற்பார்?

ரொறன்ரோ மட்டு:
காசைப் பற்றி யோசிக்காதீர்கள். இங்கே நாங்கள் நாலு பேர் சேர்ந்தால் ஒரு வருடத்துக்குக் காணும்.

கடற்கரைக் காக்கா:
அதுதான் பிரச்சினையே தம்பி. அந்த நாலு பேருக்கும் பிடிக்காத கதை வராது.

அம்பாறைக் கரையிலுள்ள ஒலுவிலைப் பாருங்கள். டென்மார்க் நிதியில் துறைமுகம், 2013 இல் திறப்பு விழா. வாயில் மணல் அடைத்துப் படகு போக ஏலாமல் போனது. மறுபக்கம் கடல் கரையைத் தின்கிறது. மீனவன் மணலைத் தோண்டு என்கிறான், காணிக்காரன் முதலில் கரையைக் காப்பாற்று என்கிறான். இரண்டு பேரும் நம்ம ஆட்கள். செய்தி வராமல் இல்லை: ஆர்ப்பாட்டம் நடந்தது, மகஜர் கொடுத்தது, அமைச்சர் வந்து பார்த்தது. அலை மணலை எங்கே தள்ளும் என்று கட்ட முன் எழுதின அறிக்கையில் என்ன இருந்தது, யார் கையெழுத்து, யாருடைய காணிக்கு எவ்வளவு நட்டஈடு என்பதை ஒருவர் உட்கார்ந்து எழுதி நான் வாசித்ததில்லை. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி காசில் சுனாமிக்காரருக்குக் கட்டிய 500 வீடும் காடு பிடித்துக் கிடந்தன. அதையும் ஆளுக்கொரு இனக் கணக்கில்தான் எழுதினார்கள்.

ஆகவே என் கேள்வி காசு இல்லை. முஸ்லிம் ஊரான காத்தான்குடிக்காரன் எழுதினதைப் பக்கத்துத் தமிழ் ஊரான ஆரையம்பதிக்காரன் நம்புவானா?

ரொறன்ரோ மட்டு:
அப்படியென்றால் வெளிநாட்டு நிதியம்? அவர்களுக்கு நம் ஊர் டிப்பர்காரன் யாரென்றே தெரியாது, தலையிட மாட்டார்கள்.

செங்கலடிப் பொடியன்:
2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியதும் எத்தனை நாட்டில் செய்தி அறைகள் ஆட்களைக் குறைத்தன என்று தெரியாதா அண்ணே? நம் பக்கம் சொல்லவே வேண்டாம். பயிலரங்கு, பதாகைக்கு முன்னால் குழுப்படம், புரியாணிப் பார்சல். புரொஜெக்ட் முடிந்தால் இணையத்தளமே திறக்காது.

படுவான்கரையான்:
காக்கா சொன்னது நியாயம். ஒருவர் கொடுக்கக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு வைப்போம், வரவு செலவைத் தளத்தில் போடுவோம். ஒவ்வொரு கதையையும் ஒரு தமிழரும் ஒரு முஸ்லிமும் சேர்ந்து எழுதட்டும், ஆவணம் முழுவதும் கூடவே வரட்டும்.

வாத்தியார், 2021 ஒக்டோபரில், வெளிநாடுகளில் மறைத்த சொத்துகளைக் காட்டிய பண்டோரா என்ற கசிந்த ஆவணங்களில் முன்னாள் பிரதி அமைச்சர் நிருபமா ராஜபக்ஷவின் பெயர் வந்தது. அதுவும் லாப நோக்கமற்ற ஊடகவியலாளர் கூட்டமைப்பின் வேலைதான். பல நாட்டில் ஒரே நேரத்தில் வெளியிட்டதால் ஒருவரை மிரட்டிப் பயனில்லை.

பழைய வாத்தியார்:
பெரிய இடத்து ஆட்கள் வழக்கறிஞரைத் தேடுவார்கள். டிப்பர்காரனுக்கு உங்கள் வீட்டு வாசலில் ஒரு மோட்டார்சைக்கிள் நின்றால் போதும். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

செங்கலடிப் பொடியன்:
தகவல் கேட்கும் விண்ணப்பத்தில் பெயரும் விலாசமும் போட வேண்டுமே. முதலாவது யார் பெயரில்?

கடற்கரைக் காக்கா:
இரண்டாகப் போடுங்கள். தமிழர் ஊர் செங்கலடியிலிருந்து ஒன்று, முஸ்லிம் ஊர் ஏறாவூரிலிருந்து ஒன்று, ஒரே கேள்வி. இரண்டு பேருக்கும் ஒரே பதில் வருகிறதா என்று முதலில் பார்ப்போம். ஏறாவூருக்கு ஆள் நான் பிடித்துத் தருகிறேன்.