பழைய கடைவீட்டில் தீபாவளிக் கண்காட்சி: ஓவியமும் மண்பாண்டமும் வைத்தவர்கள் சொல்லுங்கள்

லெபோ பசார் பக்கம் இருந்து

பினாங்கு ஜார்ஜ்டவுனில் போருக்கு முந்திய கடைவீடு, கீழ்த்தளம் மட்டும். தீபாவளியை ஒட்டி இரண்டு வாரம். முப்பது ஓவியம், இரண்டு மேசை நிறைய மண்பாண்டம். சுவரில் துளை போடக்கூடாது என்கிறார் வீட்டுக்காரர். இந்த மாதிரி இடத்தில் எது கெடும், எப்படிக் கெடும் என்று அனுபவப்பட்டவர்கள் விவரமாகச் சொன்னால் நல்லது.

பிரேம் போடுபவர், ஆயர் ஈத்தாம்

தம்பி, வீட்டுக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்தச் சுவர் மென்மையான செங்கல், மேலே சுண்ணாம்புப் பூச்சு. ஆணி அடித்தால் பூச்சு தட்டுத்தட்டாக உதிரும். கண்காட்சி முடிந்ததும் ஓட்டையைச் சிமெண்டால் அடைப்பார்கள், அது இன்னும் மோசம். சுவருக்குள் ஏறும் ஈரம் சிமெண்டு வழியாக வெளியேற முடியாமல் பக்கத்தில் முட்டும். சுற்றிலும் உப்புப் பூக்கும்.

மேலே விட்டமோ படம் மாட்டும் பலகையோ இருந்தால் எஃகுக் கம்பியில் தொங்கவிடுங்கள். தூண்டில் நரம்பு கண்ணுக்குத் தெரியாது என்று சிலர் அதைக் கட்டுகிறார்கள். பாரம் தாங்கத் தாங்க அது நீளும், முடிச்சு வழுகும். விட்டம் இல்லையென்றால் பிளைவுட் பலகை இரண்டைக் கீல் போட்டு ‘வி’ வடிவில் நிறுத்தி, அடியில் மணல் மூட்டை வையுங்கள். பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் ஓடி விளையாடுவார்கள், மூட்டை இல்லாமல் நிறுத்தவே வேண்டாம்.

பெரிய எதிரி ஓதம். இங்கே செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை, உங்கள் கண்காட்சி அதன் நடுவில் வருகிறது. சுவரின் அடிப்பகுதியைத் தடவிப் பாருங்கள். ஜில்லென்று இருந்து கையில் வெள்ளைப் பொடி ஒட்டினால் அந்த உயரத்துக்குக் கீழே எந்தப் படமும் இறங்கக்கூடாது. மேலே மாட்டினாலும் சட்டத்தின் கீழ் மூலை இரண்டிலும் ஒரு சென்டிமீட்டர் தடிமனில் தக்கை ஒட்டி, பின்னால் காற்றோட விடுங்கள். சுவரோடு ஒட்டிக் கிடக்கும் கேன்வாஸின் முதுகில்தான் பூஞ்சணம் முதலில் பிடிக்கும். ஈரப்பதமானி ஒன்று வாங்கி வையுங்கள், 65 விழுக்காட்டைத் தாண்டினால் கவனிக்க வேண்டும்.

நீர்வண்ணப் படங்களைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். தாளின் நாலு பக்கமும் ஒட்டியிருந்தால், ஈரத்தில் தாள் விரிய இடமில்லாமல் அலை அலையாக நெளியும். மேல்விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில் ஜப்பானியத் தாள் துண்டும் கோதுமை ஸ்டார்ச் பசையும் போதும், மற்றபடி தாள் தொங்கட்டும். கண்ணாடி தாளைத் தொடவே கூடாது, மூன்று மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். தொட்டால் ஓவியம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் வண்ணமும் கூட வரும்.

விளக்கு: தாளில் வரைந்ததற்கு 50 லக்ஸ் (வெளிச்ச அளவு), எண்ணெய் வண்ணத்துக்கும் அக்ரிலிக்குக்கும் 200. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 சென்டிமீட்டர்.

ஏர்கோனைப் பகலில் 20-இல் வைத்து இரவில் அணைப்பதுதான் இங்கே வழக்கம். அணைத்ததும் அஞ்சடி (கடைவீட்டு முன் நடைபாதை) பக்கமிருந்து ஈரக்காற்று உள்ளே வந்து, குளிர்ந்து கிடக்கும் கண்ணாடியில் படியும். 26-இல் வைத்துக் கதவைச் சாத்தியே வையுங்கள். இரவில் ஈரமுறிஞ்சி இயந்திரம் ஓடினால் இன்னும் நல்லது.

சூளைக்காரி, பாலிக் பூலாவ்

அண்ணன் கதவைச் சாத்தச் சொல்கிறார். விடுமுறைக் கூட்டம் திறந்த கதவைப் பார்த்துத்தான் உள்ளே வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஓவியத்தை உட்கூடத்துக்குக் கொண்டுபோங்கள், மண்பாண்ட மேசையை வாசல் பக்கம் போடுங்கள். நன்றாக வெந்த பாண்டத்தைக் காற்று ஒன்றும் செய்யாது.

மேசைத்துணி வேண்டவே வேண்டாம். ஒரு சின்னக் கை இழுத்தால் எல்லாம் தரையில். மேசை விளிம்பிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு எதுவும் வைக்காதீர்கள். ஒடுங்கிய அடியுள்ள உயரமான ஜாடிக்குள் மணல் பை போடுங்கள். அருங்காட்சியக மெழுகை பட்டாணி அளவுக்கு உருட்டி அடியில் மூன்று இடத்தில் வைத்தால் நகராது. ஆனால் கிளேஸ் (சூளையில் உருகிய கண்ணாடிப் பூச்சு) இல்லாத அடிவளையத்தில் வைத்தால் மெழுகு மண்ணுக்குள் இறங்கிக் கறையாகும். அதற்கு ரப்பர் வட்டு நல்லது.

வாங்குகிறவர் கேட்கும் முதல் கேள்வி, இதில் சாப்பிடலாமா என்பதே. அட்டையில் விலையோடு சூட்டையும் எழுதுங்கள். 1,220 டிகிரிக்கு மேல் சுட்ட கல்மண் (ஸ்டோன்வேர்) தண்ணீரை அவ்வளவாக உறிஞ்சாது. 1,000 டிகிரி அளவில் நின்றுவிட்ட செம்மண் நிறையவே உறிஞ்சும். ஐயமிருந்தால் பாண்டத்தில் தண்ணீர் நிரப்பி, செய்தித்தாள் மேல் ஓர் இரவு வைத்துப் பாருங்கள். கிளேஸ் மேல் எலுமிச்சைத் துண்டை ஒரு நாள் விடுங்கள். நிறம் மங்கினால் அது உணவுக்கு ஆகாது. மங்காததால் ஈயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது, அதை ஆய்வுக்கூடம்தான் சொல்லும். தங்கக்கோடு போட்டதை மைக்ரோவேவில் வைக்கக்கூடாது என்பதையும் அட்டையில் எழுதிவிடுங்கள்.

கோலா கங்சாரிலிருந்து லாபு சாயோங் (சுரைக்காய் வடிவத் தண்ணீர்ப் பாண்டம்) வரவழைத்தால் அடியில் தட்டு வையுங்கள். சூட்டோடு நெல் உமியில் போட்டுக் கறுப்பாக்கிய கிளேஸில்லாக் கூசா அது. தண்ணீர் கசிந்து ஆவியாவதால்தான் உள்ளே குளிர்கிறது. மேசையில் வளையம் விழுந்ததைப் பார்த்து, ‘ஓட்டை’ என்று திருப்பிக் கொண்டுவருகிறவர்கள் உண்டு.

விற்பனை மேசை, பட்டர்வொர்த்

அக்கா சொன்னதோடு ஒன்று. விடுமுறையில் வருகிறவர் பரிசுக்கு வாங்குவார், விற்றதற்கு அடையாளமாகச் சிவப்புப் புள்ளி ஒட்டிவிட்டு முடியும்வரை காத்திருக்க மாட்டார். ஓவியம் கடைசி நாள் வரை சுவரில் இருக்கும், சின்னப் பாண்டம் அன்றே போகும் என்று கலைஞரிடம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். மேசை காலியாகாமல் பார்க்க, மாற்றுச் சரக்கு கைவசம் இருக்கட்டும். கமிஷன் எத்தனை விழுக்காடு, உடைந்தால் யார் பொறுப்பு என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

கட்டும் முறை: அக்ரிலிக் ஓவியத்தின் மேல் நேராகக் குமிழ் உறை சுற்றினால், வெயிலில் நின்ற காரில் வண்ணம் இளகி வட்ட வட்டமாகத் தடம் விழும். முதலில் கேக் சுடும்போது விரிக்கும் ஒட்டாத தாள், அப்புறம் குமிழ் வெளிப்பக்கம் பார்த்த உறை. பாண்டத்துக்கு அச்சடிக்காத தாள்தான், செய்தித்தாள் மை கிளேஸில்லாத மண்ணில் ஏறும். கைப்பிடியின் வளைவுக்குள் தாளைத் திணித்த பிறகுதான் முழுதும் சுற்ற வேண்டும். மூடியைத் தனியாகச் சுற்றுங்கள். பெட்டிக்குள் பெட்டி, நடுவில் ஐந்து சென்டிமீட்டர் நிரப்பு. பட்டர்வொர்த்–பினாங்கு ஃபெரியில் இப்போது கார் ஏறாது. அக்கரைக்காரர் நிறையப் பேர் மோட்டார் சைக்கிளில்தான் வருவார்கள், அதனால் கயிறு கட்டத் தோதான சின்னப் பெட்டிகளை அதிகமாக வாங்கி வையுங்கள்.