வடக்குப் பார்த்த துணிக்கடை: டிரையல் ரூம் வாயு மூலையிலா, பின்பக்கத்திலா?

கடைக்காரர்

மதுரை விளக்குத்தூண் பக்கம் பெண்களுக்கான ஆயத்த ஆடைக் கடை திறக்கப்போகிறேன். 16 அடி அகலம், 50 அடி நீளம், வடக்குப் பார்த்த ஷட்டர். மேற்கே குறுக்குச் சந்து, கிழக்கே இன்னொரு கடையின் சுவர். பின்பக்கம் தென்கிழக்கு மூலையில் மின் மீட்டரும் ஒரு சிறிய கதவும் இருக்கின்றன.

மனை பார்த்தவர் டிரையல் ரூம் இரண்டையும் வடமேற்கில், வாயு மூலையில்தான் வைக்கவேண்டும் என்கிறார். வடக்கு வாசல் என்பதால் அந்த மூலை ஷட்டரை ஒட்டி, உள்ளே நுழையும்போது வலக்கைப் பக்கம் வந்துவிடுகிறது. தச்சரும் என் மனைவியும் பின்பக்கம்தான் சரி என்கிறார்கள். திங்கட்கிழமை பிளைவுட் வந்து இறங்குகிறது. அதற்குள் முடிவு செய்தாகவேண்டும்.

மனைக்கயிறு

உங்களுக்குச் சொன்னவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். வாயு என்றால் அசைவு. அந்த மூலையில் வைத்த பொருள் தங்காது, கைமாறிப் போய்க்கொண்டே இருக்கும். போட்டுப் பார்த்த துணி விற்று வெளியே போகவேண்டும் என்பதுதானே உங்கள் விருப்பம்? தென்மேற்கு, அதாவது கன்னி மூலை, பாரம் தாங்குகிற இடம். இருப்புச் சரக்கையும் பெட்டகத்தையும் அங்கே வையுங்கள். அங்கே டிரையல் ரூம் வைத்தால் போட்டார்கள், கழற்றினார்கள், குவித்துவிட்டுப் போனார்கள் என்றுதான் ஆகும். ஈசானியத்தில், அதாவது வடகிழக்கில், அறை என்ற பேச்சே கூடாது, அது திறந்து கிடக்கவேண்டும். கண்ணாடி வடக்குச் சுவரிலோ கிழக்குச் சுவரிலோ இருக்கட்டும். 22 ஆண்டுகளாக மனை பார்க்கிறேன், அனுபவத்தில் சொல்கிறேன்.

சரிகை

அண்ணா, நான் ஒன்பது ஆண்டுகள் துணிக்கடையில் விற்பனைப் பெண்ணாக நின்றவள். கடையின் பெயர் வேண்டாம். அங்கேயும் இப்படித்தான் வாசலை ஒட்டி அறை இருந்தது, வாயு மூலை என்றுதான் முதலாளி சொன்னார். தடுப்புப் பலகைக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. உள்ளே பளீரென்று விளக்கு, மாலையில் தெரு இருட்டு. ஆடை மாற்றுகிறவரின் கால் நிழல் தரையில் நீண்டு வாசற்படி வரை வந்து விழும். எதிரே டீக்கடை.

ஒருநாள் கல்லூரிப் பெண் ஒருத்தி அப்பாவோடு வந்தாள். மாம்பழ நிறச் சுடிதார் அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அறை வரை போனவள் கதவில் கை வைத்து, தெருவைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே போகவில்லை. வெளியே இருந்த கண்ணாடி முன் நின்று, போட்டிருந்த துணியின் மேலேயே அதை வைத்துப் பார்த்துவிட்டு, "போதும், சரியாக இருக்கும்" என்று வாங்கிக்கொண்டு போனாள். மறுநாள் தோள் இறுக்கமாக இருக்கிறது என்று திருப்பிக் கொண்டுவந்தார் அவள் அப்பா. துணி வேகமாக வெளியே போனது உண்மைதான், அதே வேகத்தில் திரும்பியும் வந்தது. பெண்கள் நுழையக் கூசுகிற அறை எந்த மூலையில் இருந்தால் என்ன?

மனைக்கயிறு

நீங்கள் சொல்வது பலகையின் குற்றம் அம்மா, திசையின் குற்றம் அல்ல. தரை வரை கதவு போட்டு உள்தாழ்ப்பாள் வைத்திருந்தால் அந்தப் பெண் உள்ளே போயிருப்பாள்.

சரிகை

தாழ்ப்பாள் உள்ளே போன பிறகுதானே ஐயா? உள்ளே போவதையும், வேறு துணியில் வெளியே வந்து அம்மாவிடம் காட்டுவதையும் தெருவே பார்க்கும். அந்த நான்கு எட்டு தூரம்தான் பெண்களுக்குக் கஷ்டம்.

செங்கல்

கட்டடப் பொறியாளன் நான். பழைய வாஸ்து நூலான மயமதத்தை மொழிபெயர்ப்பில் முழுவதும் படித்திருக்கிறேன். மனையளவு, வாசல் வைக்கும் இடம், ஊரமைப்பு, கடைவீதி எல்லாம் அதில் உண்டு, டிரையல் ரூம் கிடையாது. ஆயத்த ஆடையே இல்லாத காலத்து நூலில் அது எப்படி இருக்கும்? வீட்டுக்குச் சொன்ன விதியைக் கடைக்கு நீட்டி இன்று சொல்கிறார்கள். நீட்டுகிறவர் ஊரின் வெயிலையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். மதுரை ஏறத்தாழ 10 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நம் உச்சிக்கு வடக்கே நிற்கும், சாயும்போது வடமேற்கில் விழும். உங்கள் மேற்குச் சுவருக்கு வெளியே சந்து, நிழல் இல்லை. நான்கு மணிக்கு மேல் அந்த மூலைச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். காற்றோட்டமில்லாத நாலுக்கு நாலு அறையில் மூன்றாவது துணியை யாரும் போட்டுப் பார்க்கமாட்டார்கள்.

ஆனால் தச்சர் சொல்கிற பின்பக்கத்துக்கும் நான் உடன்படமாட்டேன். அங்கே இருப்பது உங்கள் ஒரே மாற்று வழி. 2017 மே கடைசியில் தியாகராய நகரில் பல மாடித் துணிக்கடை ஒன்று எரிந்து, கட்டடத்தையே இடிக்கவேண்டி வந்ததை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். துணி எரிந்தால் புகைதான் முதலில் வரும். பாதி உடை மாற்றிய நிலையில் ஒரு பெண் மின் மீட்டருக்குப் பக்கத்தில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நிற்பதை நினைத்துப் பாருங்கள். பின்கதவுக்குப் போகிற வழியில் ஒரு பெட்டிகூட வைக்காதீர்கள்.

மனைக்கயிறு

நூலில் இல்லை என்பதால் பொருந்தாது என்றால், மின் மீட்டரும்தான் நூலில் இல்லை. நெருப்பின் தன்மை உடையது என்று அக்னி மூலையில் வைக்கிறோம். அவர் கடையிலும் அங்கேதான் இருக்கிறது, நீங்களும் அதைக் குறை சொல்லவில்லை. சாஸ்திரம் தன்மையைச் சொல்கிறது, பொருளை அதற்குப் பொருத்துவது நம் வேலை.

வெயிலைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். அதைக் கணக்கில் எடுக்காத மனைக்காரர் வேலை தெரியாதவர்.

ஊசிநூல்

மீனாட்சி கோயிலுக்கு எதிரே உள்ள புதுமண்டபத்தில் தையல் மெஷின் போட்டிருந்த குடும்பம் எங்களுடையது. கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றும் வரை அந்தக் கல்தூண்களுக்கு நடுவேதான் அளவெடுத்தோம். திசையைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, வெளிச்சத்தைப் பற்றி உண்டு. கருநீலத்துக்கும் கறுப்புக்கும் டியூப்லைட்டில் வித்தியாசம் தெரியாது. அதனால்தான் ஜாக்கெட் துணிக்கு நிறம் பார்க்கிறவர்கள் சேலையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருகிறார்கள். டிரையல் ரூமைக் கடையின் ஆழத்தில் கொண்டுபோய் வைத்தால் வீட்டுக்குப் போனபின்தான் நிறம் தெரியும். வாசல் வெளிச்சத்துக்கு நாலு எட்டில் இருப்பது நல்லது. விளக்கை உச்சந்தலைக்கு மேல் போடாதீர்கள், கண்ணுக்குக் கீழ் நிழல் விழுந்து எந்தத் துணியும் அழகாகத் தெரியாது. கண்ணாடியின் இரு பக்கமும் போடுங்கள்.

மனைக்கயிறு

கடைக்காரருக்கு ஒரு கணக்கு. மூலை என்றால் முனை அல்ல. 81 பதமாக, அதாவது ஒன்பதுக்கு ஒன்பது கட்டமாக, மனையைப் பிரித்தால் நீளவாக்கில் ஒன்பது பங்கு. 50 அடியில் ஒரு பங்கு ஐந்தரை அடிக்குச் சற்று மேல். முதல் மூன்று பங்கை வாயுவின் பகுதியாக நான் கொள்வேன், அதாவது ஷட்டரிலிருந்து பதினாறரை அடி வரை. அதற்குள் எங்கே வைத்தாலும் எனக்குச் சம்மதம். உங்களுக்குச் சொன்னவர் முனையைத்தான் காட்டினார் என்றால் திரும்பக் கேளுங்கள்.

செங்கல்

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே ஐயா. பாதிச் சண்டை குறைந்திருக்கும்.

கடைக்காரர்

நேற்று இரவு ஏழு மணிக்கு எல்லா விளக்கையும் போட்டு, தரையில் சாக்பீஸால் கோடு போட்டேன். ஷட்டரை ஒட்டிய மூலையில் என் மனைவி நின்றாள். நான் எதிர்ச் சாரிக்குப் போய் நின்று பார்த்தேன். அவள் காதில் போட்டிருந்த கம்மல் வரை தெரிந்தது. சரிகை அக்கா சொன்னது அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

அழித்துவிட்டு மறுபடி வரைந்தோம். மேற்குச் சுவரை ஒட்டி எட்டரை அடியில் முதல் அறை தொடங்கிப் பன்னிரண்டரையில் முடிகிறது, கதவு தெற்குப் பார்த்தது. அடுத்து நான்கடி நடை. அதைத் தாண்டி இரண்டாவது அறை, கதவு வடக்குப் பார்த்தது. இரண்டு கதவும் ஒன்றையொன்று பார்க்கும், நடைக்கு முன்னால் தடித்த திரை. ஷட்டரை ஒட்டிய எட்டரை அடியில் துணி அடுக்கு மட்டும். வெயில் சூடு அதில் அடங்கட்டும், சுவரோடு சாயம் வெளுக்கிற துணியை வைக்கமாட்டேன்.

மனைக்கயிறு

முதல் அறையும் நடையும் வாயுவில் அமைகின்றன, நிறைவு. இரண்டாவது மேற்கில், வருணன் பகுதியில் போகிறது. நானாக இருந்தால் ஒரே அறையோடு நிறுத்தியிருப்பேன். தோஷம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதில் கதவுக்கு எதிரே கண்ணாடி மாட்டினால் தெற்குச் சுவராகிவிடும், அது கூடாது. கிழக்குத் தடுப்பில் மாட்டுங்கள். முதல் அறையில் வடக்கிலேயே இருக்கட்டும்.

சரிகை

இரண்டிலும் கிழக்கில் மாட்டுங்கள் அண்ணா. முதல் அறையில் வடக்குச் சுவர் என்றால் அது கதவுக்கு நேர் எதிர். கதவைத் திறந்தால் உள்ளே நிற்பவர் கண்ணாடியில் முழுதாகத் தெரிவார். பக்கச் சுவரில் இருந்தால் அந்தப் பயம் இல்லை.

ஷட்டருக்கு மேலே இருக்கும் கேமரா நடையைப் பார்க்காதபடி திருப்பி வையுங்கள். பெண் உடை மாற்றுவதைப் பார்ப்பதும் படமெடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆவது பிரிவில் குற்றம். முதல் முறையே ஓராண்டிலிருந்து மூன்றாண்டு வரை சிறை உண்டு. அந்த நடையில் ஒரு ஸ்டூலும் போடுங்கள். விற்பனைப் பெண் அங்கே உட்கார்ந்தால் திரைக்கும் காவல், அவள் காலுக்கும் ஓய்வு. கடை ஊழியருக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டம் திருத்தியாயிற்று, நான் நின்ற ஒன்பது ஆண்டில் ஒரு நாள்கூட உட்காரவில்லை.

மனைக்கயிறு

கிழக்கும் எனக்குச் சம்மதமே. இரண்டு அறையிலும் கிழக்கிலேயே மாட்டுங்கள்.

கடைக்காரர்

சரி, இரண்டிலும் கிழக்கு. ஸ்டூலுக்கும் தச்சரிடம் சொல்லிவிட்டேன். அக்கா, கொக்கி எத்தனை, எந்த உயரத்தில்?

சரிகை

மூன்று. போட்டு வந்த துணிக்கு ஒன்று, பார்க்கப்போகிற துணிக்கு ஒன்று, கைப்பைக்கு ஒன்று. ஐந்தடிக்கு மேல் வேண்டாம், குள்ளமான பெண்களுக்கும் எட்டவேண்டும்.