பணி முடிந்த பிறகு உங்களிடம் யார் பேசினார்கள்? மருத்துவமனைப் பணியாளர்களின் அனுபவப் பகிர்வு

தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர், தென் மாவட்டம்

அனைவருக்கும் வணக்கம். நான் பதினான்கு ஆண்டுகளாக ஸ்டாஃப் நர்ஸாகப் பணியாற்றுகிறேன். அவற்றில் ஒன்பது ஆண்டுகள் ஐ.சி.யு.வில் கழிந்தவை. நோயாளிகளின் மனநலத்தைப் பற்றி நம் மருத்துவமனைகளில் இப்போது ஓரளவு பேசுகிறார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களின் மனநலம் என்று வரும்போது மட்டும், மே 12 செவிலியர் தினத்தன்று ஒரு சொற்பொழிவு, ஒரு யோகா வகுப்பு என்று முடித்துவிடுகிறார்கள். உங்களுக்கு உண்மையில் எந்த உதவி கைகொடுத்தது, எது கொடுக்கவில்லை என்று கேட்க விரும்புகிறேன். கேட்பதற்கு முன் என் அனுபவத்தை எழுதிவிடுகிறேன்.

2021 மே மாதம் அது. தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000-க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியான நாள்கள். எங்கள் வார்டில் நடுத்தர வயதுக்காரர் ஒருவர், வென்டிலேட்டரில் வைப்பதற்கு முன் மகளிடம் ஒருமுறை பேச வேண்டும் என்று சைகை காட்டினார். அவருடைய கைப்பேசியில் சார்ஜ் இல்லாததால், என்னுடையதை ஒரு பாலித்தீன் உறைக்குள் போட்டு, வீடியோ அழைப்பில் அவர் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றேன். கவச உடைக்குள் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்ததால் அந்தப் பெண்ணின் முகம் எனக்குத் தெரியவில்லை, குரல் மட்டும் கேட்டது. "சாப்பிட்டீங்களாப்பா?" என்று கேட்டாள். மறுநாள் விடியற்காலையில் அவர் இறந்தார். தாடையை காஸ் துணியால் கட்டி, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டி, பெயர்ச்சீட்டை ஒட்டி அனுப்பிவிட்டு, அடுத்த கட்டில் நோயாளியின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கச் சென்றேன். இரண்டுக்கும் இடையில் எனக்குக் கிடைத்தது, கையுறை மாற்றிக்கொள்ளும் நேரம்தான்.

அந்த மகள் அதன் பிறகு மூன்று வாரங்கள் என் எண்ணுக்கு அழைத்துக்கொண்டிருந்தாள். அப்பா கடைசியாக ஏதாவது சொன்னாரா என்பதே ஒவ்வொரு முறையும் அவளுடைய கேள்வி. முதல் சில நாள்கள் பேசினேன். பிறகு மணி அடித்தாலே நெஞ்சு படபடக்கத் தொடங்கியது, எடுக்காமல் விட்டேன். அப்படி விட்டதற்காக இன்றும் வருந்துகிறேன். தூக்கத்தில் மானிட்டர் ஒலி கேட்கும், எழுந்து உட்கார்ந்துவிடுவேன். வீட்டில் பிள்ளைகளிடம் காரணமின்றி எரிந்து விழுந்தேன். மேலதிகாரியிடம் சொன்னபோது, "எல்லோருக்கும்தானே இருக்கிறது சிஸ்டர், சீனியரான நீங்களே இப்படிச் சொன்னால் புதிதாக வந்த பிள்ளைகள் என்ன செய்வார்கள்?" என்றார். அவரும் பல மாதங்களாக விடுப்பின்றி நின்றுகொண்டிருந்தவர் என்பதால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

ஒருநாள் இரவுப் பணி முடிந்து உடை மாற்றும் அறையில் உட்கார்ந்திருந்தபோது, ஓய்வுபெற இரண்டு ஆண்டுகளே இருந்த மூத்த சகோதரி ஒருவர் உள்ளே வந்து கதவைத் தாழிட்டுவிட்டு, "அந்த ஆளு எத்தனை மணிக்குடி போனாரு?" என்று கேட்டார். தைரியமாக இரு என்றோ, கடவுள் பார்த்துக்கொள்வார் என்றோ அவர் சொல்லவில்லை. நேரத்தைக் கேட்டார். "நாலு பத்துக்கு" என்றேன். அதன் பிறகு அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசினேன். அன்று பகல்தான் பல வாரங்களுக்குப் பின் நன்றாகத் தூங்கினேன்.

பொது மருத்துவம், முதுநிலை மூன்றாம் ஆண்டு மாணவர்

அக்கா, உங்கள் பதிவைப் படித்த பிறகுதான் இதை எழுதும் துணிவு வந்தது. முதலாம் ஆண்டில், தொடர்ந்து முப்பதாவது மணி நேரப் பணியில் இருந்தபோது, ஒரு நோயாளிக்கு 4 யூனிட் இன்சுலின் என்று எழுத வேண்டிய இடத்தில், எண்ணை ஒட்டி ஆங்கிலத்தின் 'யு' எழுத்தை மட்டும் அவசரத்தில் கிறுக்கிவிட்டேன். அது பூஜ்யம் போலத் தெரிந்தது. புதிதாகச் சேர்ந்திருந்த செவிலியர் 40 யூனிட் போட்டுவிட்டார். 'யூனிட்' என்பதை எப்போதும் முழுச் சொல்லாக எழுத வேண்டும் என்று பாடத்தில் படித்திருந்தும் செய்த தவறு அது. வியர்த்துக் கொட்டி மயங்கிக்கொண்டிருந்தவரைப் பக்கத்துக் கட்டில்காரரின் மனைவிதான் கவனித்துக் கூப்பிட்டார். குளுக்கோஸ் ஏற்றிக் காப்பாற்றிவிட்டோம். அவர் நான்கு நாள்களில் வீட்டுக்குச் சென்றார், நான்தான் அந்தக் கட்டிலை விட்டு வெளியே வரவில்லை. ஒவ்வொரு மருந்துச் சீட்டையும் மூன்று முறை, நான்கு முறை சரிபார்த்தேன். விடுதிக்குப் போன பிறகும் வார்டுக்குத் தொலைபேசியில் அழைத்து அளவுகளைக் கேட்டேன்.

மறுநாள் ஆய்வுக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் கிடைத்த திட்டு எனக்கு எதையும் கற்றுத் தரவில்லை. தவறை மறைக்கத் தோன்றும் பயத்தைத்தான் தந்தது. உதவி செய்தவர் ஓர் உதவிப் பேராசிரியர். கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, இருபது ஆண்டுகளுக்கு முன் அவர் செய்த ஒரு பிழையை, அந்த நோயாளியின் ஊர் உட்பட, முழுவதுமாகச் சொன்னார். அந்த நோயாளி பிழைக்கவில்லை. "அதுக்கப்புறமும் நான் டாக்டராத்தான் இருக்கேன் தம்பி" என்றார்.

மருத்துவப் பிழையில் சிக்கிய பணியாளரை 'இரண்டாவது பாதிக்கப்பட்டவர்' என்று ஆல்பர்ட் வூ என்ற அமெரிக்க மருத்துவர் 2000-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையில் குறிப்பிட்டதைப் பின்னர் படித்தேன். பாதிக்கப்பட்டவர் என்ற சொல் நோயாளிக்கும் குடும்பத்துக்கும் உரியது, நம் பொறுப்பை அது மறைத்துவிடும் என்று எதிர்ப்பும் இருக்கிறது. அந்த எதிர்ப்பு நியாயமானது என்றே நினைக்கிறேன். சொல் எதுவாக இருந்தாலும், அந்த இரவில் என்னைத் தனியே விட்டிருக்கக் கூடாது.

பணி நேரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024-இல் அளித்த அறிக்கையில், கருத்துக்கணிப்பில் கலந்துகொண்ட 5,337 முதுநிலை மாணவர்களில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினர் தற்கொலை எண்ணம் வந்ததாகத் தெரிவித்திருந்தனர். வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் பணி கூடாது, வாரம் ஒருநாள் விடுப்பு வேண்டும் என்பது அக்குழுவின் பரிந்துரை. முப்பது மணி நேரம் விழித்திருப்பவனுக்கு எந்த ஆலோசகரும் தூக்கத்தைக் கொடுத்துவிட முடியாது.

மருத்துவ உளவியலாளர், தனியார் மருத்துவமனை

தம்பி சொன்ன கடைசி வரியை ஏற்கிறேன். உலக சுகாதார நிறுவனம் ஐ.சி.டி.-11 என்ற பன்னாட்டு நோய் வகைப்பாட்டில் பணிச்சோர்வைச் சேர்த்தபோது, அதை ஒரு நோயாகச் சேர்க்காமல், சரிவரக் கையாளப்படாத பணியிட நெருக்கடியால் விளையும் தொழில்சார் நிலை என்றே விளக்கியது. ஆற்றல் வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிக் கசப்படைவது, செய்யும் வேலையில் பயனில்லை என்று தோன்றுவது ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். காரணம் பணியிடத்தில் இருக்கும்போது, பணியாளரை மட்டும் உட்காரவைத்து மூச்சுப்பயிற்சி சொல்லிக் கொடுப்பது பாதி வேலைகூட ஆகாது. இதை என் நிர்வாகத்திடம் பலமுறை எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன்.

நான் செய்த ஒரு தவறை இங்கே பதிவு செய்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், பிரசவத்தின்போது ஓர் இளம் தாய் இறந்தார். மறுநாளே அந்தப் பிரிவில் இருந்த அனைவரையும் வரவழைத்து, வட்டமாக உட்காரவைத்து, நடந்ததை ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னேன். நல்லெண்ணத்தில்தான் செய்தேன். ரத்தப் பைகளைக் கொண்டுவர ஓடிய செவிலிய மாணவி, தன் முறை வந்தபோது பேச முடியாமல் எழுந்து வெளியே போய் வாந்தி எடுத்தாள். இன்னொருவர், தான் பார்க்காத காட்சிகளையெல்லாம் பிறர் வாயால் கேட்டு அன்றிரவு தூங்கவில்லை என்று பிறகு சொன்னார். அசம்பாவிதம் நடந்த உடனேயே எல்லோரையும் ஒரே அமர்வில் நடந்ததை விவரிக்கவைக்கும் அந்த முறை 1980-களில் பரவியது. பின்னர், பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு, தனி நபர்களிடம் நடத்தப்படும் அத்தகைய ஒற்றை அமர்வு அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாற்றைத் தடுக்கவில்லை என்றும், சிலருக்குத் தீங்காகவும் அமையலாம் என்றும் காட்டியது. நான் அதை முன்பே படித்திருக்க வேண்டும்.

அதன் பிறகு வழியை மாற்றிக்கொண்டேன். 2011-இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் உளவியல் முதலுதவிக் கையேடு கவனித்தல், செவிமடுத்தல், இணைத்தல் என்ற மூன்றை மட்டுமே கேட்கிறது. யாரையும் பேசச் சொல்லி வற்புறுத்துவதில்லை. முதல் நாள் நான் வார்டுக்குப் போனால், சாப்பிட்டார்களா, வீட்டுக்கு எப்படிப் போவார்கள், நாளை யாருக்கு டியூட்டி மாற்றிக் கொடுக்கலாம் என்பதைத்தான் பார்க்கிறேன். சகோதரியின் பதிவில் வரும் அந்த மூத்த செவிலியர் எந்தக் கையேடும் இல்லாமல் இதைச் செய்திருக்கிறார். நடந்தது முழுவதையும் சொல்லச் சொல்லாமல், ஒரேயொரு சிறு கேள்வி கேட்டுவிட்டு, மீதியை அவரே விரும்பினால் சொல்லட்டும் என்று காத்திருந்தார்.

அடுத்த தடை ரகசியம். எங்கள் மருத்துவமனையில் மனநலப் புறநோயாளிப் பிரிவுக்குப் போக வேண்டுமானால், ஓ.பி. சீட்டு போடுபவர் உங்களுக்குத் தெரிந்தவர், வரிசையில் நிற்பவர் நேற்று நீங்கள் ஊசி போட்ட நோயாளி. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியம் காக்கும் உரிமையைத் தெளிவாகத் தந்திருந்தாலும், சீட்டு வரிசைக்கு அது தெரியாது. ஆகவே நூலகத்தின் பின்பக்க அறையை வாங்கி, பகல் இரண்டு மணிக்கு ஷிஃப்ட் மாறுவதையொட்டித் திறந்து வைத்தேன். பதிவேடு கிடையாது, மனிதவளத் துறைக்கு எந்தத் தகவலும் போகாது என்பதை நிர்வாகத்திடம் எழுதி வாங்கிக்கொண்டேன். முதல் இரண்டு மாதங்களில் வந்தவர் ஒரே ஒருவர். அவர் தூய்மைப் பணியாளர். இறந்தவர்களின் படுக்கையைக் கழுவும்போது அவர்களுடைய செருப்பை என்ன செய்வது என்று தெரியவில்லை, குப்பையில் போட மனம் வரவில்லை, அதனால் படிக்கட்டின் கீழே அடுக்கி வைத்திருக்கிறேன் என்றார். பதினோரு ஜோடிகள் இருந்தன. செருப்புகளை உரிய குடும்பத்திடம் ஒப்படைக்க ஒரு பையும் ஒரு கையெழுத்துப் புத்தகமும் ஏற்பாடு செய்தோம். அந்தச் செய்தி பரவிய பிறகுதான் மற்றவர்கள் வரத் தொடங்கினார்கள்.

சொந்த மருத்துவமனையில் யாரையும் நம்ப முடியாத நிலையில் இருப்பவர்கள் டெலி மனாஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.

ஆம்புலன்ஸ் அவசர மருத்துவ உதவியாளர், சென்னை

2020 ஏப்ரலில், கோவிட்டால் இறந்த ஒரு நரம்பியல் அறுவை மருத்துவரை அடக்கம் செய்யவிடாமல் கூட்டம் தடுத்து, ஆம்புலன்ஸைத் தாக்கியது உங்களுக்கு நினைவிருக்கும். நள்ளிரவில் அவருடைய சக மருத்துவரே உடனிருந்து புதைக்க வேண்டியதாயிற்று. அந்த வண்டியில் நான் இல்லை. ஆனாலும் அடுத்த பல வாரங்கள், கூட்டத்தைக் கண்டாலே கை நடுங்கியது. எங்களுக்கு வார்டு கிடையாது, உடை மாற்றும் அறை கிடையாது, தாழிட ஒரு கதவும் கிடையாது. வண்டியைக் கழுவும் நேரத்தில் ஓட்டுநர் அண்ணனுடன் பேசுவதுதான் எங்களுக்கு வாய்த்தது. உளவியலாளர் ஐயாவின் அறை போன்ற ஒன்று எங்களைப் போன்றவர்களுக்கும் திறந்திருந்தால் கட்டாயம் போயிருப்பேன்.

செவிலியர், இங்கிலாந்து (சொந்த ஊர் திருநெல்வேலி)

நான் இங்கே வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் மருத்துவமனையில் மாதம் ஒருமுறை 'ஸ்வார்ட்ஸ் ரவுண்ட்ஸ்' என்ற ஒரு மணி நேரக் கூட்டம் நடக்கிறது. பாஸ்டனைச் சேர்ந்த கென்னத் ஸ்வார்ட்ஸ் என்ற வழக்கறிஞர் நுரையீரல் புற்றுநோயால் 1995-இல் இறந்தார். தனக்குச் சிகிச்சை அளித்தவர்களின் பரிவுதான் தன்னைத் தாங்கியது என்று எழுதிய அவருடைய பெயரில் அங்கே தொடங்கியது, 2009 முதல் இங்கிலாந்திலும் நடக்கிறது. மூன்று நான்கு பேர் தங்கள் அனுபவத்தைச் சில நிமிடங்கள் சொல்வார்கள், பிறகு அரங்கில் இருப்பவர்கள் பேசுவார்கள். சிகிச்சை சரியா தவறா என்ற விசாரணை அங்கே கிடையாது, யாரும் யாருக்கும் தீர்வு சொல்வதில்லை. முன்கூட்டியே சாப்பாடு போட்டுவிடுவார்கள். இது அற்ப விஷயமல்ல, சாப்பிட்ட வயிற்றோடு உட்கார்ந்தால்தான் கேட்க முடிகிறது.

நான் முதலில் போனபோது, முப்பது ஆண்டு அனுபவமுள்ள அறுவை நிபுணர் ஒருவர், ஒரு குழந்தையின் தாயிடம் செய்தி சொல்லப் போகும் முன் கழிப்பறைக்குள் போய் அழுததைச் சொன்னார். என் பக்கத்தில் ஸ்ட்ரெச்சர் தள்ளும் பணியாளர் உட்கார்ந்திருந்தார். அந்தக் குழந்தையைப் பிண அறைக்குத் தள்ளிச் சென்றவர் தான்தான் என்று எழுந்து சொன்னார். இருவரும் அதுவரை ஒருவரோடு ஒருவர் பேசியதே இல்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர், தென் மாவட்டம்

எல்லோருக்கும் என் நன்றி. செருப்புகளைப் பற்றிப் படித்தபோது வெகுநேரம் கண் கலங்கி உட்கார்ந்திருந்தேன். எங்கள் பிரிவிலும் மருந்து இருப்பு அறையை வாரம் ஒரு நாள், வியாழக்கிழமை பகல் இரண்டு மணிக்கு ஹேண்டோவர் (அடுத்த ஷிஃப்டிடம் பொறுப்பை ஒப்படைப்பது) முடிந்ததும் அரை மணி நேரம் திறந்து வைக்க செவிலியர் கண்காணிப்பாளரிடம் வாய்மொழியாக ஒப்புதல் வாங்கியிருக்கிறேன். பதிவேடு இல்லை. ஆயாக்களையும் தூய்மைப் பணியாளர்களையும் நானே நேரில் போய் அழைக்கிறேன். ஓய்வுபெற்றுவிட்ட அந்த மூத்த சகோதரி முதல் வாரம் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இங்கிலாந்துச் சகோதரியிடம் ஒரு கேள்வி. அந்த ஒரு மணி நேரத்தைப் பணி நேரமாகக் கணக்கிடுகிறார்களா, அல்லது டியூட்டி முடிந்த பிறகு உங்கள் சொந்த நேரத்தில் போக வேண்டுமா?

செவிலியர், இங்கிலாந்து

எங்கள் மருத்துவமனையில் அது பணி நேரம்தான் அக்கா. இருந்தாலும் வார்டில் ஆள் குறைவாக இருக்கும் நாளில் யாராலும் போக முடிவதில்லை. சென்ற மாதம் எனக்கு மிகவும் தேவைப்பட்டது, அன்று எட்டு நோயாளிகளுக்கு நான் ஒருத்திதான் இருந்தேன். வியாழக்கிழமை உங்கள் வார்டில் எத்தனை பேர் டியூட்டியில் இருப்பார்கள் என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.