தமிழில் அனுப்பிய விளம்பரம் எங்கே சிக்கியது?

பில்புத்தகம்:
தீபாவளிக்கு முந்தின கிழமை, கொழும்பு கெய்சர் வீதியில் ஒரு சாரிக்கடை. வாடிக்கையாளர் 4,000 பேர், 4,000 குறுஞ்செய்திக்குக் காசும் கட்டியாயிற்று. 1,333ஆவது ஆளோடு மீதி தீர்ந்து, அனுப்புவது நின்றுபோனது. "எழுதினது ஒரு செய்திதானே, மூன்று எங்கேயிருந்து வந்தது?" என்று முதலாளி திரையைக் காட்டிக் கேட்டார். அந்தக் கேள்விதான் இன்னும் மனத்தை அரிக்கிறது. புறக்கோட்டையில் பாதிக் கடைகளுக்கு இதற்குப் பதில் தெரியாது.

ஆங்கில எழுத்து மட்டும் என்றால் ஒரு குறுஞ்செய்தியில் 160 இடம். ஒரேயொரு தமிழ் எழுத்து நுழைந்தாலும் முழுச் செய்தியும் எல்லா மொழி எழுத்தையும் தாங்கும் யூனிகோடுக்கு மாறி 70 ஆகிவிடும். அதைத் தாண்டினால் துண்டாகும், துண்டுக்கு 67தான். மிச்சம் 3 இடம் துண்டுகளைத் திரும்ப ஒட்டும் குறிப்புக்குப் போகிறது. இந்தக் கடையின் செய்தி 152. இரண்டு துண்டுக்கு 134 வரை, ஆகவே மூன்றாவது துண்டு. ஆளுக்கு மூன்று செய்தியின் காசு.

எண்ணும்போதுதான் எல்லாரும் தவறுவது. "கி" கண்ணுக்கு ஒரு எழுத்து, கணக்கில் இரண்டு. "க்" இரண்டு, புள்ளி தனி. "தீபாவளி வாழ்த்துகள்!" என்பதில் நாங்கள் பார்ப்பது 10 எழுத்து, இடைவெளியும் குறியும் சேர்த்து அது எடுப்பது 20 இடம். விளக்குப் படம் ஒன்று போட்டால் மேலும் 2.

காலிவீதி6:
இதுக்குத்தான் தங்கிலிஷ்ல எழுதச் சொல்லுறது. ஆங்கில எழுத்தில தமிழ், 160 இடமும் கிடைக்கும். இளம் ஆக்கள் எல்லாரும் அப்படித்தானே சாட் பண்ணுறாங்கள். ஒண்டை மட்டும் கவனியுங்கோ: வேர்டில இருந்து பிரதி எடுத்து ஒட்டினா மேற்கோள் குறி வளைஞ்சு வரும், கோடு நீண்டு வரும். அந்த ஒரு குறியே போதும், ஆங்கிலச் செய்தியும் 70க்கு விழுந்திடும். நேர்க்குறியா மாத்திப்போட்டு அனுப்புங்கோ.

வாணி_கொட்டாஞ்சேனை:
காலிவீதி6 அண்ணா, அந்த யோசனையோடு ஒத்துப்போக முடியவில்லை. செட்டியார் தெரு நகைக்கடை ஒன்று "கல் வைத்த தோடு" என்று ஆங்கில எழுத்தில் அனுப்பியது. ஒரு வயதான அம்மா கவுண்டரில் போனை நீட்டி, "பிள்ளை, இது காலா, கள்ளா, என்ன வைச்ச தோடு?" என்று கேட்டார். பின்னால் நின்ற இருவரும் அதே செய்தியைத் திறந்து பார்த்தார்கள். ஆங்கில எழுத்தில் குறில் நெடிலும் தெரியாது, லகர ளகரமும் தெரியாது. அந்தக் கடையில் காசு கொடுத்து வாங்குவது சாட் பண்ணும் பிள்ளைகள் இல்லை, அவர்களின் அம்மாமார். 90 இடம் மிச்சம் பிடிக்கப்போய், வாங்க வந்த ஆளை இழக்க வேண்டுமா?

அச்சுக்கூடம்:
குறுஞ்செய்தியை விடுங்கள், பனரைப் பாருங்கள். வெள்ளவத்தையில் புதிதாகத் திறந்த உடுப்புக்கடையின் பேஸ்புக் அட்டையில் ஊர்ப் பெயரே உடைந்திருந்தது. முதல் வகரத்துக்கு முன்னால் நிற்கவேண்டிய ஒற்றைக்கொம்பு பின்னால் போய், கடைசித் தகரத்தின் இணைக்கொம்பும் இடம் மாறி, நடுவில் புள்ளிவட்டம் ஒன்று. அதே வடிவம் வாசல் பலகைக்கும் அச்சாகிவிட்டது. ஆறடிப் பலகையில் அந்தப் புள்ளிவட்டம் ஒரு தேநீர்த் தட்டு அளவு.

காரணம் ஃபொட்டோஷொப்பின் அமைப்பு. பழைய பதிப்புகளில், ப்ரிஃபரன்சஸில் டைப் என்ற பக்கம் போய் வேர்ல்ட்-ரெடி லேஅவுட்டைத் தெரிவு செய்ய வேண்டும் (இன்னும் பழையவற்றில் மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன் என்று இருக்கும்). பிறகு மென்பொருளை மூடித் திறந்து, பராகிராஃப் பலகத்தின் மூலைப் பட்டியலிலும் வேர்ல்ட்-ரெடியைத் தெரியுங்கள். முதலே எழுதிய வரிகள் தானாகத் திருந்தாது, ஒவ்வொன்றாகத் தெரிந்து மாற்ற வேண்டும். முடிந்ததும் "கொ, கை, கௌ" மூன்றையும் தட்டிப் பாருங்கள். மூன்றும் நேராக நின்றால் மற்றதெல்லாம் நிற்கும்.

இந்தத் தொல்லைக்காகத்தான் டிசைன் பண்ணுபவர்கள் பாமினி என்ற பழைய, யூனிகோடல்லாத எழுத்துருவை விடமாட்டேன் என்கிறார்கள். படத்துக்குள் பாமினி பரவாயில்லை. ஆனால் அந்த வரியையே பிரதி எடுத்துப் போஸ்டின் மேலே ஒட்டுகிறார்களே, அதுதான் பிழை. பாமினியில் "தமிழ்" என்பது உண்மையில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். எழுத்துரு போனதும் அந்தக் குறிகள்தான் மிஞ்சும். கூகுளிலும் தேடிக் கிடைக்காது. மேலே போடும் வரியை யூனிகோடில் புதிதாகத் தட்டுங்கள்.

திசைகாட்டி:
பாமினியை யூனிகோடாக்கும் மாற்றியில் போட்டு எடுக்கலாம் என்று அடுத்து யாராவது எழுதுவார்கள், அதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு விநியோகக் கடையின் வட்ஸ்அப் பொட்டில், அதாவது தானாகப் பதில் அனுப்பும் நிரலில், ஊர்ப் பெயரை அனுப்பினால் கட்டணம் பதிலாக வரும். "கொழும்பு" என்று அனுப்பியவர் எல்லாருக்கும் "மன்னிக்கவும், விளங்கவில்லை" என்றே போனது. அனுப்பிய சொல்லும் கடை வைத்திருந்த சொல்லும் திரையில் அச்சு அசல் ஒன்றுதான். கடை வைத்திருந்த சொல் பாமினியிலிருந்து மாற்றியது: அதில் "கொ" என்பது க, ஒற்றைக்கொம்பு, கால் என மூன்று துண்டு. போனில் தட்டும்போது கொம்பும் காலும் ஒரே குறியாக வரும், இரண்டு துண்டு. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு.

"ஸ்ரீ" இதைவிட மோசம். ஸகரம் போட்டு ஒன்று, ஶகரம் போட்டு ஒன்று. ஶகரம் யூனிகோடில் 2005இல்தான் சேர்ந்தது, அதனால் இரண்டு வழக்கும் நிற்கிறது. பல எழுத்துருக்களில் வேற்றுமையே தெரியாது. கடைப் பெயரில் ஸ்ரீ இருந்தால் இரண்டு வடிவத்தையும் பொட்டின் சொற்பட்டியலில் போடுங்கள். வருகிற சொல்லையும் வைத்திருக்கும் சொல்லையும் யூனிகோடின் என்எஃப்சி முறையில் ஒருமுறை ஒழுங்குபடுத்தச் சொன்னால் "கொ" சரியாகிவிடும், "ஸ்ரீ" ஆகாது.

முத்திரை:
எல்லாரும் எழுத்தை எண்ணுகிறீர்கள், அனுப்புவதற்கு உரிமை இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. பில்புத்தகம் சொன்ன அந்த 4,000 இலக்கமும் பில் எழுதும்போது வாங்கினவை என்றால், விளம்பரம் அனுப்பச் சம்மதம் கேட்டார்களா? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் விளம்பரச் செய்திக்குச் சம்மதம் வேண்டும் என்கிறது, விலகுவதற்குச் செலவில்லாத வழியும் வேண்டும் என்கிறது. பில்லின் அடியில் ஒரு பெட்டி அடித்து, "சலுகைச் செய்தி அனுப்பலாம்" என்று எழுதி, வாடிக்கையாளர் கையாலேயே சரி போட வையுங்கள். திகதியையும் குறியுங்கள். கேள்வி வரும் நாளில் அந்தத் திகதிதான் கைகொடுக்கும்.

ஒரு மருந்துக்கடைச் செய்தியின் கடைசி வரி: "வேண்டாமெனில் இதற்குப் பதில் அனுப்பவும்." ஒரு பெரியவர் மூன்று முறை பதில் அனுப்பினார், மூன்றும் போகவில்லை. போகாது. அனுப்புநர் இடத்தில் இலக்கத்துக்குப் பதிலாகக் கடைப் பெயர் வந்தால், அதுதான் மாஸ்க், அதற்குத் திருப்பி அனுப்ப முடியாது. மாஸ்கில் 11 ஆங்கில எழுத்துக்கு மேல் இடமுமில்லை, தமிழும் ஏறாது. ஆகவே விலகுவதற்கு, அழைப்பவருக்குச் செலவில்லாத ஒரு நிஜத் தொலைபேசி இலக்கம் செய்திக்குள்ளேயே வேண்டும். அந்த இலக்கத்தை எடுத்துப் பேசவும் ஒரு ஆள் வேண்டும்.

மாலைக்கடை:
பூக்கடை ஒன்றின் வட்ஸ்அப் பிசினஸ். வெள்ளிக்கிழமைப் பூமாலை விலையை, ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியே அனுப்பும் ப்ரோட்காஸ்ட் பட்டியலில் போட்டார்கள். 256 பேர் வரை போடலாம், பட்டியல் நிறைந்துதான் இருந்தது. மறுநாள் பார்த்தால் வரிசை வரிசையாக ஒற்றைச் சரிக்குறி. கடையின் இலக்கத்தைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்கு மட்டும்தான் ப்ரோட்காஸ்ட் போய்ச் சேரும். நீங்கள் அவரைச் சேமித்தது போதாது.

காலிவீதி6:
அப்ப எல்லாரையும் ஒரு குரூப்பில போட்டா முடிஞ்சுது. 1,024 பேர் வரைக்கும் போடலாமே.

வாணி_கொட்டாஞ்சேனை:
வேண்டாம் அண்ணா. குரூப்பில் போட்டால் ஒவ்வொருவரின் இலக்கமும் மற்ற எல்லாருக்கும் தெரியும். பூ வாங்குகிறவர்களில் பெரும்பாலும் பெண்கள். இரவில் தெரியாத ஆள் "ஹலோ" அனுப்பினால் அடுத்த நாளே கடையையும் ப்ளொக் பண்ணிவிடுவார்கள். ஒருவருக்கொருவர் இலக்கம் தெரியாமல் அறிவிக்க சனல் இருக்கிறது. ப்ரோட்காஸ்ட்தான் வேண்டுமென்றால், கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் கடையின் வட்ஸ்அப் கியூஆரை ஒட்டி, வாடிக்கையாளர் முதலில் "மாலை" என்று ஒரு சொல் அனுப்பட்டும். அவர் கண்முன்னாலேயே கடையின் கொன்டக்ட் அட்டையைத் திருப்பி அனுப்பி, சேமிக்கச் சொல்லுங்கள். அரை நிமிட வேலை. பில் போடும் பிள்ளைக்கு அதைப் பழக்கினால் போதும்.

நிமிர்படம்:
பம்பலப்பிட்டியில் இனிப்புக்கடை, ரீல்ஸ் விளம்பரம். படம் அழகு, லட்டில் நெய் மினுங்குகிறது. தொலைபேசி இலக்கத்தின் கடைசி இரண்டு எண்ணை மட்டும் காணவில்லை! விருப்பக்குறிப் பொத்தானுக்கு அடியில் போய்விட்டன. 1080க்கு 1920 படத்தில் மேலே 14 வீதம், கீழே 35 வீதம், இரு பக்கமும் 6 வீதம் வெறுமையாக விட வேண்டும். அதாவது மேலே சுமார் 270 புள்ளி (பிக்சல்), கீழே 670. எழுத்து நிற்க வேண்டியது நடுப்பகுதியில். தமிழுக்கு மேலே விசிறி, கீழே சுழி என்று இரு பக்கமும் வளரும், ஆகவே ஆங்கிலத்துக்கு வைக்கும் வரி இடைவெளி போதாது. இரண்டு வரிக்கு மேல் போடாதீர்கள்.

கடல்பக்கம்:
அதே பம்பலப்பிட்டியில் இன்னொரு கடை, பேஸ்புக் விளம்பரம். வரைபடத்தில் கடைக்கு மேல் ஊசி குத்தி 5 கிலோமீற்றர் வட்டம் போட்டார்கள். வட்டத்தில் ஏறக்குறையப் பாதி கடலில் விழுந்தது. மீனுக்குக் காசு போவதில்லை, பயப்பட வேண்டாம். ஆனால் மிச்சப் பாதியில் எதிர்பார்த்த ஆள் இல்லை. ஊசியைக் கிழக்கே நகர்த்தி, நாரஹேன்பிட்டப் பக்கமாக வையுங்கள். கடை வட்டத்தின் நடுவில் நிற்க வேண்டும் என்று ஒரு கட்டாயமுமில்லை.

அதைவிடப் பெரிய பிழை மொழிப் பெட்டியில் நடந்தது. "தமிழ்" என்று தெரிவு செய்ததும் அடையக்கூடிய ஆட்களின் கணக்கு அப்படியே சுருங்கிவிட்டது. அந்தப் பெட்டி வீட்டில் என்ன மொழி கதைக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை. கொழும்பில் தமிழர் பலரின் போன்களில் பேஸ்புக் ஆங்கிலத்தில்தான் ஓடுகிறது. பெட்டியை வெறுமையாக விட்டு, விளம்பரத்தைத் தமிழில் எழுதுங்கள். நின்று வாசிக்கிறவர் யாரென்று பேஸ்புக் பார்த்து, அதே மாதிரி ஆட்களைத் தேடிப்போகும். முதல் மூன்று நாலு நாள் கைவைக்காமல் விடுங்கள். ஒவ்வொரு மாலையும் மாற்றினால் அது திரும்பத் திரும்ப முதலிலிருந்து படிக்கும்.

காலிவீதி6:
சரி, வாணி தங்கச்சி சொன்னது நியாயம்தான், தமிழிலயே இருக்கட்டும். ஆனா பில்புத்தகம் அண்ணை, அந்தச் சாரிக்கடை 70க்குள்ள எப்படி அடக்கினது?

பில்புத்தகம்:
சுருக்கி முதலில் எழுதியது: "தீபாவளிச் சாரி 20% கழிவு. ஞாயிறு இரவு 9 வரை. கெய்சர் வீதி". இது 57. ஒரு இடைவெளி, பத்து இலக்கத் தொலைபேசி, ஆக 68. ஒற்றைத் துண்டில் நின்றது, எல்லாருக்கும் சந்தோஷம்.

முத்திரை கேட்டதை அங்கே கணக்காளரும் கேட்டார். 70இல் மிச்சமிருந்த இரண்டு இடத்துக்குள் விலகும் வழியை எழுத முடியாது. அதனால் வீதிக்குப் பின் ஒரு முற்றுப்புள்ளி, பிறகு "செய்தி வேண்டாமெனில்", தொலைபேசி இலக்கம், "அழைக்கவும்". மொத்தம் 100. இரண்டு துண்டு, 134 வரை இடம். மிச்சம் 34இல் கடையின் பெயரைத் தமிழிலேயே எழுதினார்கள், மாஸ்கில் ஏறாத பெயர். 4,000 பேருக்கு 8,000 செய்தியின் காசு. அனுப்பும் முன் இரண்டு போனில் சோதித்தார்கள், ஒன்று முதலாளியின் பழைய பட்டன் போன். துண்டுகள் ஒட்டி வந்தன.