புதுப்பிப்பு: பெரிய அளவுத் துணிக்கடை, ஐந்து மாதம் கழித்து

என்னைப் போலப் பருத்த உடம்புள்ள பெண்களுக்கென்றே மதுரையில் துணிக்கடை வைக்கலாமா என்று சித்திரைத் திருவிழா சமயத்தில் கேட்டிருந்தேன். மாசி வீதி வாடகை கட்டுப்படியாகாது, வீட்டு முன்னறையிலேயே தொடங்குங்கள் என்றீர்கள். அப்படியே செய்தேன்.

முதல் அடி அளவில் விழுந்தது. மொத்த விலைக்கு வாங்கிய 40 குர்திகளில் மார்பு பொருந்தியது, கை ஏறவில்லை, தோள் சரிந்தது. சின்ன அளவையே எல்லாப் பக்கமும் சமமாகப் பெருக்கி வெட்டியிருக்கிறார்கள். உடம்பு அப்படியா பெருக்கிறது? தோள் கொஞ்சம்தான் அகலும். மேற்கையும் வயிறும்தான் கூடும். பாதிக்கு மேல் இன்னும் பரணில் கிடக்கிறது.

இப்போது மீனாட்சியம்மன் கோயில் எதிரிலுள்ள புது மண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரக் கடைகளுக்கு மாறிய ஒரு தையல்கார அண்ணன் வெட்டித் தருகிறார். “மேற்கையைத் தனியாக அளந்து வாருங்கள் அம்மா, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார். மார்பில் டார்ட் (வளைவுக்குப் பொருந்தத் துணியை மடித்துத் தைப்பது), பக்கத் தையலில் பிரித்துவிட ஓர் அங்குலம்.

செலவுதான் இடிக்கிறது. 44 அங்குலப் பன்னாவில் (துணியின் அகலம்) முன்பாகமும் பின்பாகமும் அருகருகே அடங்குவதில்லை. ஒன்றன்கீழ் ஒன்றாக வெட்டினால் இரண்டரை மீட்டருக்கு மேல் போகிறது. அதனால் சுங்குடிச் சேலையையே வெட்டிப் பார்த்தோம். ஐந்தரை மீட்டரில் இரண்டு குர்தி! நன்றாகப் போவது அதுதான். (சேலையில் கத்தரி வைத்ததை அம்மா இன்னும் மன்னிக்கவில்லை.)

தீபாவளிக்கு 22 பேர் அளவு கொடுத்திருக்கிறார்கள். ஒருவர்கூட நைட்டி கேட்கவில்லை.