ஆயிரத்துக்கு ஒரு டாக்டர்: யார் வைத்த விதி?

கறார்கணக்கு: "1000 பேருக்கு ஒரு டாக்டர், இது உலக சுகாதார நிறுவனத்தின் விதி, அதை எட்டினாலே கிராமங்களுக்கு வைத்தியம் கிடைத்துவிடும்" என்று இங்கே ஒருவர் முழங்கியிருக்கிறார். அப்படி ஒரு விதியே கிடையாது. 2006 அறிக்கையில் இருப்பது 1000 பேருக்கு 2.28, அதுவும் டாக்டர், நர்ஸ், மருத்துவச்சி எல்லாரையும் சேர்த்து. 2016இல் அது 4.45 ஆனது. டாக்டருக்கு மட்டும் தனிக் கணக்கு எங்கே?

மலையோரம்: அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்லக்கூட மனசில்லை, தடுப்பூசித் திரியில் வாங்கிக் கட்டிக்கொண்ட கடுப்பு இன்னும் ஆறவில்லை போல. பத்திரிகையிலிருந்து மேடை வரை எல்லாரும் சொல்வது 1000க்கு 1. எல்லாரும் முட்டாள், நீங்கள் மட்டும் மேதை. சரி.

கறார்கணக்கு: எல்லாரும் சொன்னால் ஆவணம் ஆகிவிடுமா? ஆவணத்தின் பெயர், வருடம். அவ்வளவுதான்.

இரவுப்பணி: டாக்டரே எட்டிப் பார்க்காத நிலையத்தில் 12 வருடம் நர்ஸாக இருந்தவள் நான். ஒன்றோ நாலோ, வருகிறவர்கள் நகரத்திலேயே உட்கார்ந்துகொண்டால் சராசரியை வைத்து என்ன செய்வது? உலக மக்களில் சுமார் பாதிப் பேர் கிராமத்தில், டாக்டர்களில் கால்வாசிக்கும் குறைவானவர்களே அங்கே என்று அதே நிறுவனம் 2010இல் எழுதியது. கிராமத்தில் வளர்ந்த பிள்ளைகளைப் படிக்க எடுங்கள், தங்க நல்ல வீடு கொடுங்கள் என்றும் அதில் இருக்கிறது. அதை யாராவது படித்தீர்களா?

கறார்கணக்கு: பார்த்தீர்களா, அக்காவும் என் பக்கம்.

இரவுப்பணி: யார் பக்கமும் இல்லை தம்பி.

வெள்ளைக்காகம்: வீடியோவில் டாக்டரைக் காட்டினால் முடிந்தது, இதற்கு ஏன் இத்தனை சண்டை?

இரவுப்பணி: பிரசவத்தில் ரத்தம் கொட்டும்போது போனைத் திருப்பிக் காட்டவா?

வெள்ளைக்காகம்: ருவாண்டாவில் 2016லிருந்து ட்ரோனில் ரத்தம் போகிறது, தெரியுமா?

இரவுப்பணி: போகட்டும். வந்த பையை ஏற்றுவது யார், ட்ரோனா?

மலையோரம்: முதலில் "நர்ஸ்" என்று எழுதுவதை நிறுத்துங்கள், செவிலியர் என்ற அழகான சொல் இருக்கிறது.

இரவுப்பணி: 12 வருடம் என்னை எல்லாரும் நர்ஸம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். நீங்கள் திருத்த வேண்டாம்.

கறார்கணக்கு: பேச்சை மாற்றுகிறார், கவனியுங்கள். அவரே "டாக்டர்" என்றுதான் ஆரம்பித்தார். மறுபடி கேட்கிறேன்: ஆவணத்தின் பெயர், வருடம்.

மலையோரம்: வேலையில் இருக்கிறேன். ராத்திரி சுட்டி தருகிறேன்.

கறார்கணக்கு: தடுப்பூசித் திரியிலும் இதேதான் சொன்னீர்கள்.